ஓர் அகதியின் பாத்திரம்

1713ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி, லண்டன் பிளீற் வீதியிலுள்ள புனித பிறைட் தேவாலயத்தில் டெனி பாப்பன் என்பவர் அடக்கம் செய்யப்பட்டார். பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரி யாருடையது என்று அடையாளம் காண 300 ஆண்டுகள் சென்றன. அதுவரை அவரைப் பற்றி எழுதியவர்கள் 1712 ஜனவரியில் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கையில் காசில்லாத, தலை சாய்க்க நிரந்தரமாக ஓர் இடமில்லாத ஒரு கிழவரின் கடிதம் அது. அதற்குப் பிறகு அவர் எங்கே போனார், எப்போது இறந்தார் என்பது வெறும் ஊகமாகவே இருந்தது.

எமது வீடுகளின் அடுப்பில் விசிலடிக்கும் பிறஷர் குக்கரின் மூதாதையைச் செய்தவர் இவர்தான்.

பாப்பன் 1647இல் பிரான்சின் புளுவா நகருக்கு அருகே பிறந்தார். குடும்பம் கல்வினின் வழி வந்த புரட்டஸ்தாந்துக் குடும்பம். ஹியூகனொட் என்று அழைக்கப்பட்ட சிறுபான்மையினர். வைத்தியம் படித்தார். ஆனால் நோயாளிகளைவிட இயந்திரங்களிலேயே அவருக்கு நாட்டம் இருந்தது. பாரிசில் ஹொய்கன்ஸ் என்ற டச்சு விஞ்ஞானிக்கு உதவியாளராக இருந்தார். 1675இல் லண்டனுக்கு வந்து, காற்றின் அழுத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த றொபேட் போயிலிடம் சேர்ந்தார். வேலை தேடி வந்த வருகைதான் அது. அப்போது அவர் அகதியல்ல. பத்து வருடங்களின் பின், 1685 ஒக்ரோபரில், பதினான்காம் லூயி மன்னன் 1598ஆம் ஆண்டின் நான்ற் கட்டளையை ரத்துச் செய்தான். சிறுபான்மையினருக்கு வழிபடும் உரிமையைக் கொடுத்திருந்த கட்டளை அது. கோயில்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். சாதாரண சனங்களுக்கோ வெளியேறவும் தடை. எல்லையில் பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பினார்கள். அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் தப்பி ஓடினார்கள். ஆங்கில மொழிக்கு 'றெபியூஜி' என்ற சொல்லே இவர்களோடுதான் வந்து சேர்ந்தது. இன்று எங்களுடைய விண்ணப்பப் படிவங்களின் தலைப்பில் இருக்கும் சொல், முதலில் பிரான்சிலிருந்து ஓடி வந்தவர்களின் பெயராக இருந்தது.

படிக்கவென்றோ வேலைக்கென்றோ 1983க்கு முன்னர் வெளிநாடு வந்து, பின்னர் திரும்பிப் போக ஊர் இல்லாமற் போனவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். பாப்பனின் நிலையும் அதுதான். புறப்பட்டபோது பயணி, வழியில் அகதி.

அவருடைய பாத்திரம் இந்தத் துயரங்களுக்கு முந்தியது. 1679இல் லண்டனில் றோயல் சொசைட்டி அங்கத்தவர்களுக்கு அதைக் காட்டினார். தடித்த உலோக உருளை, இறுக்கமாகத் திருகி மூடப்படும் மூடி, உள்ளே தண்ணீரும் எலும்பும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகிப் போய்விடும். எவ்வளவு விறகை வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. ஆவியைப் போகவிடாமல் அடைத்தால் அழுத்தம் கூடும், அதோடு கொதிநிலையும் கூடும். இன்றைய குக்கர்களில் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலாக இன்னொரு மடங்கு ஏறும்போது உள்ளே ஏறத்தாழ 121 பாகை இருக்கும். ஒரு மணித்தியாலம் அவியவேண்டிய ஆட்டிறைச்சி இருபது நிமிடத்தில் அவிவதன் இரகசியம் இந்த 21 பாகைதான்.

பாப்பன் அக்கறை கொண்டது ஆட்டிறைச்சியில் அல்ல, எலும்பில். எறிந்துவிடும் எலும்பை இளக்கி, அதன் சத்தை எடுத்து, ஏழைகளுக்கு உணவாக்கலாம் என்பது அவருடைய எண்ணம். 1681இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பிலேயே எலும்பை இளக்கும் இயந்திரம் என்றுதான் இருக்கிறது. 1682 ஏப்ரலில் சொசைட்டிக்காரருக்கு இந்தப் பாத்திரங்களில் சமைத்த மீனும் இறைச்சியும் கொண்ட ஒரு விருந்து நடந்தது. அதில் இருந்து சாப்பிட்ட ஜோன் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். கடினமான மாட்டெலும்பு பாற்கட்டி போல இளகிவிட்டதும், அரை இறாத்தலுக்கும் குறைந்த நிலக்கரி போதுமாயிருந்ததும் அவரை வியக்க வைத்தன. எலும்பிலிருந்து வந்த கூழில் ஒரு கிண்ணத்தை வீட்டில் மனைவிக்கு அனுப்பியும் வைத்தார். ஏழைகளுக்கென்று செய்த பாத்திரத்தில் முதல் விருந்து கனவான்களுக்கு. பின்னாளிலும் இந்தப் பாத்திரத்தின் கதை பல இடங்களில் அப்படித்தான் போயிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது என்பதே இந்தச் சமையலின் புதுமை. அதன் பயமும் அதுதான். எமது அம்மாமார் பானையின் மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள், அகப்பையால் ஒரு சோற்றை எடுத்து நசித்துப் பார்ப்பார்கள். இங்கே அது முடியாது. பாப்பன் அதற்கு ஒரு வழி செய்தார். மூடியின் மேலுள்ள குழியில் ஒரு துளி தண்ணீரை விட்டு, அது வற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறதென்று ஊசலை ஆட்டிக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் சூட்டை ஊகித்தார். ஆனால் அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு மூடியில் இருந்த ஒரு சிறு துவாரம். அதை மூட ஓர் அடைப்பு, அந்த அடைப்பை அழுத்திப் பிடிக்க ஒரு நெம்புகோல், நெம்புகோலின் நுனியில் ஒரு பாரம். உள்ளேயுள்ள அழுத்தம் எல்லை கடந்தால் பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறும். பாத்திரம் தப்பும், பக்கத்தில் நிற்பவரும் தப்புவார். உலகின் நீராவிக் கொதிகலன்கள் எல்லாவற்றுக்கும் பின்னர் காவலாக வந்த பாதுகாப்பு வால்வு இப்படி ஒரு சமையற் பாத்திரத்தின் தலையில் பிறந்தது.

பாரம் மூடியில் இருந்தால் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாரத்தின் மேல் இன்னொரு பாரத்தை யாராவது வைத்தால்?

இதற்கான பதிலும் இன்னொரு ஹியூகனொட் அகதியிடமிருந்தே வருகிறது. ஜோன் தியோபிலஸ் டெசகுலியே 1683இல் லா றொஷேலில் பிறந்து, குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர், தகப்பன் போதகர். வளர்ந்து நியூட்டனின் சீடரானார், றோயல் சொசைட்டியில் பரிசோதனைகளைச் செய்து காட்டுபவரானார். தோமஸ் சேவரியின் நீர் இறைக்கும் இயந்திரத்தில் பாப்பனின் வால்வைப் பொருத்தியவர் அவர். அந்த வகை இயந்திரம் ஒன்றில் நடந்த விபத்தை அவரே எழுதியிருக்கிறார். இயந்திரத்தின் தன்மை தெரியாத ஒருவன் அதை இயக்கப் போனான். வேலை கெதியாக முடியவேண்டும் என்று பாரத்தை நெம்புகோலின் கடைசி நுனிக்குத் தள்ளினான். அதுவும் போதாதென்று ஒரு கனத்த இரும்பையும் அதில் தொங்கவிட்டான். ஆவியால் அந்தப் பாரத்தைத் தூக்க முடியவில்லை. கொதிகலன் வெடித்தது. அவன் செத்தான்.

இந்தப் பகுதியை வாசித்தபோது எனக்கு 1991இல் பாரிசில் நாங்கள் ஏழுபேர் இருந்த அறை நினைவுக்கு வந்தது. பழைய சாமான் சந்தையில் வாங்கிய அலுமினியக் குக்கர்; அதன் பாரக் கட்டை தொலைந்து போயிருந்தது. இரவு வேலைக்குப் போகும் ஒருவர், துவாரத்தின் மேல் ஒரு பெரிய போல்ற் நட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஆவி போகாட்டி கெதியா அவிஞ்சிடும் அண்ணை" என்றார். கொதிகலன் வெடித்துச் செத்த அந்த ஆளின் தர்க்கமும் இதுதான். மூடி கூரையில் மோதியது. கொதித்த பருப்பு அவருடைய கழுத்திலும் நெஞ்சிலும் இரண்டு கைகளிலும் கொட்டியது. யாரோ பற்பசையைப் பூசினார்கள், இன்னொருவர் வெண்ணெய் தேடினார். ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றபோது அவர் மாட்டேன் என்றார். விசா இல்லை, கேஸ் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. விடியும்வரை அந்த அறையில் ஒருவரும் படுக்கவில்லை. மறுநாள்தான் போனார். தழும்பு இன்னும் இருக்கிறது; சேட்டின் மேல் பொத்தானை எந்தக் கோடையிலும் கழற்றமாட்டார்.

பற்பசையும் வெண்ணெயும் ஐஸ்கட்டியும் வேண்டாம் என்று இப்போது எல்லா நாட்டு வைத்தியர்களும் சொல்கிறார்கள். மோதிரம், காப்பு, நனைந்த உடுப்பை உடனே கழற்றவேண்டும். தோலோடு ஒட்டியிருப்பதை இழுக்கக்கூடாது. குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டுக் காயத்தைக் குளிரவைக்கவேண்டும். கண்ணிலோ முகத்திலோ பட்டால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

ஒரு குக்கருக்குள் எவ்வளவு வலு அடைபட்டிருக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 22 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை ஏறத்தாழ 400 கிலோ. ஐந்தாறு ஆட்கள் அடியில் நின்று தூக்குவது போல. மூடி திடீரெனக் கழன்றால் அழுத்தம் நொடியில் விழும். 121 பாகையில் இருந்த தண்ணீர் அந்தச் சூட்டில் தண்ணீராக இருக்க முடியாது. மூன்று லீற்றரில் 4 சதவீதமளவு அக்கணமே ஆவியாகி, ஏறத்தாழ 190 லீற்றராக விரிந்து, மிச்சத் தண்ணீரையும் பருப்பையும் தூக்கி எறிகிறது. பாத்திரம் உடையவேண்டிய அவசியமே இல்லை. 'குக்கர் வெடித்தது' என்று சொல்லப்படும் விபத்துக்களில் பல மூடி கழன்ற விபத்துக்கள்தான்.

பாப்பனுக்குத் திரும்பி வருவோம். வெனிசில் மூன்று வருடம், மீண்டும் லண்டன், 1687இல் ஜேர்மனியின் மார்பூர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஹெசன் காசெலின் பிரபு கார்ல், ஹியூகனொட்டுகளுக்குத் தன் நாட்டைத் திறந்துவிட்டிருந்தான். அவர்களைக் குடியேற்றவென்று 1699இல் கார்ல்ஸ்ஹாபன் என்ற ஊரையே கட்டுவித்தான். மார்பூர்க்கில் இருந்தபோதுதான், 1690இல், உருளைக்குள் ஆவி முசலத்தைத் தூக்கி, குளிர்ந்ததும் அது கீழே இறங்கும் என்ற யோசனையைப் பாப்பன் வெளியிட்டார். நீராவி இயந்திரத்தின் கரு அது. 1695இல் காசெலுக்குப் போனார். 1707இல் துடுப்புச் சக்கரம் பூட்டிய படகொன்றில் குடும்பத்தோடு ஏறி, புல்டா ஆற்றுவழியே இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். (அதை நீராவிப் படகு என்று பலர் எழுதிவிட்டார்கள், அது மனித வலுவில் ஓடியது.) மியூன்டன் என்ற இடத்தில் படகோட்டிகளின் சங்கம் மறித்தது. ஆற்றில் ஓடும் உரிமை தங்களுக்கே என்று படகை உடைத்துப்போட்டார்கள். லண்டனுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். றோயல் சொசைட்டியின் தலைவராக அப்போது இருந்தவர் நியூட்டன். பாப்பனின் திட்டங்களுக்குப் பணம் கிடைக்கவில்லை. இன்று காசெலில் அவர் பெயரில் ஒரு நீரூற்று இருக்கிறது, புளுவாவில் சிலை இருக்கிறது.

பாத்திரம் வீட்டு அடுப்புக்கு வர வெகுகாலம் எடுத்தது. அதற்குமுன் தொழிற்சாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் போனது. தகரத்தில் உணவடைப்பதற்கும், 1879இல் பஸ்தரின் சகபாடி ஷாம்பெர்லான் செய்த கிருமிநீக்கிக்கும் அடிப்படை பாப்பனின் மூடிதான். 1864இல் ஸ்ருட்கார்ட்டில் கியோர்க் குட்புறோட் வார்ப்பிரும்பில் குக்கர்களைச் செய்தார். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் அலுமினியக் குக்கர் அமெரிக்க வீட்டுப் பெண்களின் முன் வந்தது. வந்த கையோடு யுத்தம் வந்தது. அலுமினியம் விமானத்துக்குப் போனது. யுத்தம் முடிந்தபின் கேள்வி பெருகியபோது, குக்கரைப் பற்றி ஒன்றும் அறியாத பட்டறைகளும் அதில் இறங்கின. மெல்லிய உலோகம், பொருந்தாத மூடி. அமெரிக்கப் பாட்டிமார் இன்றும் சொல்லும் வெடித்த குக்கர் கதைகளில் பல அக்காலத்துக்குரியவை. ஐரோப்பாவில் 1949இல் சுவிஸின் றிக்கோனிலும், 1953இல் பிரான்சின் செலோன்ஜேயிலும் நல்ல குக்கர்கள் வெளிவரத் தொடங்கின. மூடியைக் குறுக்குச் சட்டத்தால் பூட்டித் திருகும் அந்தப் பிரெஞ்சுக் குக்கரை, பாரிசில் இருந்த எம்மவர் எல்லாரும் ஒருமுறையாவது கையால் தொட்டிருப்பார்கள்.

இந்தியாவில் 1959 ஒரு முக்கியமான ஆண்டு. பம்பாயில் ஹாக்கின்ஸும், தெற்கே ரி.ரி.கே. குழுமத்தின் பிறெஸ்ரீஜும் பிரிட்டிஷ் கம்பனிகளின் தொழில்நுட்பத்தோடு தொடங்கின. ஹாக்கின்ஸின் மூடி உள்ளே நுழைந்து பொருந்துவது. ஆவி தள்ளத் தள்ள விளிம்போடு இன்னும் இறுகும், அழுத்தம் இறங்காமல் திறக்காது. பிறெஸ்ரீஜின் மூடி வெளியே பொருந்துவது. காதுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளவேண்டும். அதிலே காது தேய்ந்தாலோ பாதி பூட்டினாலோ ஆபத்து.

இரண்டிலும் பாரக் கட்டைக்குப் பின்னால் இரண்டாவது காவல் ஒன்று உண்டு: மூடியில் திருகிய சிறு அடைப்பு. அதன் நடுவில் குறைந்த சூட்டில் உருகும் கலப்புலோகம் இருக்கும். பருப்பு நுரைத்துத் துவாரம் அடைபட்டாலோ, தண்ணீர் வற்றினாலோ, அது உருகி ஆவியை விடும். ஒருமுறை உருகினால் புதிதாக வாங்கிப் போடவேண்டும். சில ரூபாய்ச் சாமான். போலி செய்வதற்கு இதைவிட வாய்ப்பான பொருள் உண்டா? பிறெஸ்ரீஜ் குக்கர்கள் வட இந்தியாவில் வெடிக்கத் தொடங்கியபோது, கம்பனியைப் பொறுப்பெடுத்திருந்த ரி.ரி. ஜகந்நாதன் நேரிற் போய்ப் பார்த்ததில், காரணம் குக்கரல்ல, கடைகளில் விற்ற போலி அடைப்புக்கள் என்று தெரியவந்தது. பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும். உருகவேண்டிய நேரத்தில் உருகாது. போலிக்காரரைத் துரத்திப் பிடித்து முடியாது. அவர் மூடியின் விளிம்பிலே ஒரு நீண்ட வெட்டை விட்டார். அழுத்தம் எல்லை மீறினால் றப்பர் வளையம் அந்த வெட்டு வழியே பிதுங்கி, ஆவி பக்கவாட்டில் பீறி வெளியேறும். எந்தப் போலியாலும் அடைக்க முடியாத ஓட்டை. அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. மற்றக் கம்பனிகளும் பாவிக்கலாம் என்று விட்டுவிட்டார். முதலாளிகளைப் பற்றி நல்லதாக எழுதும் வழக்கம் எனக்கில்லை. இதை எழுதத்தான் வேண்டும்.

எமது ஊரில் குக்கர் ஒரு காலத்தில் அபூர்வம். மண்சட்டியும் விறகும்தான். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளின் எரிகாயங்கள் குக்கரால் வந்தவையல்ல, விளக்கால் வந்தவை. மின்சாரமில்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் திரியை விட்டு எரித்தோம். தட்டினால் உருளும், உருண்டால் தீ. இலங்கை முழுவதும் ஏழைகளின் வீடுகளில் போத்தல் விளக்குகள் இப்படித்தான் எரித்துக்கொண்டிருந்தன. கொழும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, கனத்த, இருபக்கமும் தட்டையான ஒரு கண்ணாடி விளக்கைத் திருகும் உலோக மூடியோடு உருவாக்கினார். விழுந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. 1998இல் அவருக்கு றோலக்ஸ் விருது கிடைத்தது. காயத்தைக் கண்ணால் கண்ட ஒருவர் பொருளின் வடிவத்தை மாற்றினார். ஜகந்நாதனின் வெட்டும் அதே இனத்தைச் சேர்ந்தது.

குக்கரை எங்களில் பலர் கண்டது சென்னையில். பயணத்துக்குக் காத்துக் கிடந்த அறைகளில். பிறகு அது சூட்கேசில் ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் ஒஸ்லோவுக்கும் வந்தது. வளையம் கடினமாகி வெடித்தபோது அதே அளவில் ஏதோ ஒன்றைத் தமிழ்க்கடையில் வாங்கிப் போட்டோம். லண்டனில் மாமியிடம் ஒருதரம் வால்வை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "உது உன்ர மாமாவின்ர காலத்துச் சாமான் தம்பி, ஒருக்காலும் பழுதாப் போனதில்லை" என்றார். மாமா இறந்து பதினொரு வருடம். உருகாத அடைப்பு நல்ல அடைப்பா, செத்த அடைப்பா என்பது உருகவேண்டிய அன்றுதான் தெரியும்.

இந்தியா 2021 பெப்ரவரியிலிருந்துதான் வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையக் கடைகளில் விற்கப்பட்டன. 2022 ஓகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசன் வழியாக விற்ற 2,265 குக்கர்களைத் திருப்பி எடுக்கவும், ஒரு இலட்சம் ரூபாய் தண்டம் கட்டவும் உத்தரவிட்டது. ஒரு குக்கருக்கு 44 ரூபாய்.

மேற்கு நாடுகளில் இப்போது மின்சாரக் குக்கர்களின் காலம். 2010இல் ஒட்டாவாவில் தொடங்கிய இன்ஸ்ரன்ற் பொட் எமது வீடுகளிலும் நுழைந்துவிட்டது. அடுப்பை அணைக்க மறந்தாலும் அது தானாக நிற்கும். இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் மூடி மூடிதான். 2020 நவம்பரில் அமெரிக்காவில் சன்பீம் கம்பனி தன் குறொக்பொட் எக்ஸ்பிறஸ் குக்கர்களில் 9 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைத் திருப்பி அழைத்தது. சரியாகப் பூட்டாத நிலையிலும் அழுத்தம் ஏறியதால் மூடி கழன்று, 99 பேர் எரிகாயப்பட்டிருந்தார்கள். 2023 ஓகஸ்டில் சென்சியோ கம்பனியின் 8 இலட்சத்து 60 ஆயிரம் குக்கர்கள், 61 பேருக்குக் காயம். அதே ஆண்டு ஒக்ரோபரில் பெஸ்ற் பை கடைகள் விற்ற இன்சிக்னியா குக்கர்கள் 9 இலட்சத்து 30 ஆயிரம். அங்கே தவறு மூடியில் அல்ல, உட்பாத்திரத்தில் அச்சிட்ட அளவுக் கோடுகளில். கோட்டை நம்பி நிரப்பியவர்களில் 17 பேர் எரிந்தார்கள். 2025 மே மாதம் நிஞ்சா பூடி ஓ.பி. 300 வரிசை: அமெரிக்காவில் 18 இலட்சத்துக்கு மேல், கனடாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 84 ஆயிரம். அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திறக்க முடிந்தது. 106 பேருக்கு எரிகாயம், அவர்களில் 50க்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் பாகைக் காயங்கள்.

இந்த அறிவித்தல்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும். வாங்கியவரின் மின்னஞ்சலுக்கு வரும். சமைப்பவர் பெரும்பாலும் வேறொருவர்: பகலில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கும் அம்மா, அல்லது அந்தக் குக்கரை ஐந்து வருடம் பாவித்தவரிடமிருந்து சும்மா வாங்கிக்கொண்ட புதிதாக வந்த பெடியன். இலக்கம் குக்கரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் துண்டில் இருக்கிறது. ஓ.பி. 300 வரிசையானால் அழுத்தச் சமையலை நிறுத்திவிட்டுக் கம்பனியிடம் கேட்கலாம். புது மூடியை இலவசமாக அனுப்புகிறார்கள்.